மலைச்சரிவில் முதலில் வந்தவர்கள்: போடி மலைகளில் பேரிடர் மீட்பும் சாதியும்



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பேரிடர் மீட்பு. இலக்கிய அமைப்பின் மேடையில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில், இரண்டரை ஆண்டுக்குள் மூன்று பெருஞ்சாவுகள் நடந்தன. 2018 மார்ச்சில் குரங்கணி. 2020 மார்ச்சில் ராசிங்கபுரத்துக் காட்டுப்பாதை. 2020 ஆகஸ்டில், மலைக்கு அந்தப் பக்கம், பெட்டிமுடி. முதலாவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மூன்றாவது ஓரளவு நினைவிருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால் தேனி மாவட்டத்துக்காரர்களே சற்று யோசிக்கிறார்கள். அரசு வந்த வேகமும் மூன்றுக்கும் மூன்று விதம். அந்த வேறுபாட்டை வரலாறாகப் படித்துப் பார்க்கலாம் என்பதே நம் முயற்சி.

முதலில் அரசு எதை 'விரைவு மீட்பு' என்கிறது என்று பார்ப்போம். 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைக்கப்பட்டது. ஒரு பட்டாலியனில் 18 குழுக்கள், குழுவுக்கு 45 பேர். பொறியாளர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய் எல்லாம் குழுவுக்குள்ளேயே உண்டு. நமக்கு அருகில் இருப்பது அரக்கோணத்தில் உள்ள நான்காவது பட்டாலியன். அந்த வீரர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு ஒரு காரணமும் இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போனபோது, மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஓரிரு நாளில் கட்டி முடித்ததை நாடே பார்த்தது. அரசு மனம் வைத்தால் பாலத்தையே பெட்டியில் கொண்டுவந்து பூட்ட முடியும்.

ஆனால் அரக்கோணத்திலிருந்து போடி வந்துசேர ஒரு முழுப் பகலோ ஓர் இரவோ ஆகும். அந்த இடைநேரத்தில் உயிரைக் காப்பது யார்? சமூகவியல் மாணவர்கள் இதைப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963இல் குவாரன்டெல்லி, டைன்ஸ் முதலானோர் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையம் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: பேரிடரில் மக்கள் பெரும்பாலும் வெருண்டு ஓடுவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள்தான் முதலில் தூக்குகிறார்கள், அந்த இடத்திலேயே ஒரு குழு தானாக உருவாகிறது. சரியான கண்டுபிடிப்பு. ஆனால் 'பக்கத்தில் இருப்பவர்' என்ற சொல்லை அவர்கள் சாதி இல்லாத இடத்திலிருந்து எழுதினார்கள். நம் ஊரில் யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதையே சாதிதான் முடிவு செய்திருக்கிறது.

எந்த மீட்புக்கும் மூன்று வேண்டும். செய்தி வர வேண்டும். தடம் தெரிய வேண்டும். யார் எங்கே போவது, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க ஓர் இடம் வேண்டும். போடிச் சரிவுகளில் முதல் இரண்டும் எப்போதும் கூலிக்காரர்களிடமும் பழங்குடிகளிடமும் இருந்திருக்கின்றன. மூன்றாவது எப்போதும் கீழே, அலுவலகத்தில் இருந்திருக்கிறது.

இந்தப் பிரிவினை எங்கே தொடங்கியது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். தோட்டம் போட ஆள் வேண்டும். கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் சேரிகளிலிருந்து பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்களை முன்பணம் கொடுத்து மலையேற்றினார்கள். ஏறிய வழிகளில் முக்கியமானது இந்தப் போடிச் சரிவு. தேயிலை விளைந்தது, அதை இறக்க வழி வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து மலைவிளிம்பைத் தாண்டிக் கீழே கொட்டகுடிக்குக் கம்பிவழி. அங்கிருந்து போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற ஊர்ப்பெயர்கள் மட்டும் மிச்சம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேயிலைப் பெட்டிகள் இந்தச் சரிவில் கம்பியில் தொங்கி இறங்கின. அதே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரம் இன்றைக்கும் குதிரை முதுகில்தான் போகிறது. போடி வட்டத்து அகமலைப் பக்கம் சின்னூர், பெரியூரிலிருந்து நோயாளிகளைக் கம்பளியில் கட்டிய டோலியில் தோளில் சுமந்து இறக்குவது அடிக்கடி செய்தியாகிறது. பத்திரிகைகள் இதை 'அவலம்' என்று தலைப்பிடும். அவலம்தான். ஆனால் அதில் ஒரு தொழில்நுட்பமும் இருக்கிறது. எத்தனை பேர் மாற்றி மாற்றித் தூக்குவது, இறக்கத்தில் உயரமானவர் எந்தப் பக்கம், ஓடையில் எந்தக் கல் வழுக்கும், கர்ப்பிணியை எப்படிப் படுக்கவைப்பது என்பதெல்லாம் தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு. அதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நாம் பார்த்ததில்லை.

போடி என்றதும் நம் இயக்கத் தோழர்களுக்கு 1989 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு செப்டம்பரில் மீனாட்சிபுரத்தில் தொடங்கிய சாதிக் கலவரம் பற்றித் தனியே ஒரு பேருரை வேண்டும். இன்று அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம். நெருக்கடி என்றால் அரசு இந்தப் பகுதிக்கு விரைந்து அனுப்பத் தெரிந்துவைத்திருந்தது போலீஸை. நம் மூத்தவர்கள் மனதில் 'அவசரம்' என்ற சொல்லோடு காக்கி நிறம் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

2011 டிசம்பர் வேறு வகை. முல்லைப்பெரியாறு தகராறு முற்றி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டபோது, மெட்டுச் சாலைகள் அடைபட்டிருந்தன. பெண்களும் குழந்தைகளுமாக ஆட்கள் காட்டுத்தடங்களில் நடந்து தேவாரம், போடிப் பக்கம் இறங்கினார்கள். தடம் தெரிந்தவர் முன்னால் நடந்தார், அடிவாரத்து ஊர்கள் சோறு போட்டன. அதற்கு யாரும் விரைவு மீட்பு என்று பெயர் வைக்கவில்லை.

இனி குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் இரண்டு குழுக்களாக வந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளம்பெண்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடையில் ஆளுயரக் காய்ந்த புல். தீ காற்றோடு சேர்ந்து மேலேறியது. புல்மலையில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மலைக்காரர்கள் எரிந்து முடிந்த கரிநிலத்துக்குள் புகுந்து நிற்பார்கள், அல்லது பக்கவாட்டில் விலகுவார்கள். சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பலர் பள்ளத்துக்குள் சிக்கினார்கள். சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் மாண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் சாவு நமக்கும் சாவுதான். 'பணக்காரப் பொழுதுபோக்கு' என்று அப்போது சிலர் எழுதியதில் நமக்கு உடன்பாடு இல்லை. மலை ஏறிப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, நம் பெண்பிள்ளைகளுக்கும் உண்டு.

அன்று மாலை முதலில் மேலே போனவர்கள் குரங்கணி, கொட்டகுடி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடிகளும். கம்பளியையும் போர்வையையும் கழியில் கட்டி டோலி செய்தார்கள். தீக்காயம் பட்டவர்களை இருட்டில், செங்குத்தான சரிவில், தோளில் வைத்து இறக்கினார்கள். வனத்துறை, தீயணைப்புத் துறை, போலீஸ் எல்லாம் வந்தன. 108 வண்டிகள் அடிவாரத்தில் வரிசையாக நின்றன. பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டு விமானப்படை வந்தது. கருட் கமாண்டோக்கள் வந்தார்கள். மறுநாள் வெளிச்சம் வந்தபின் ஹெலிகாப்டர்கள் மலைமேல் பறந்தன. போடி அரசு மருத்துவமனை, தேனி மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை என்று காயமடைந்தவர்கள் அனுப்பப்பட்டார்கள். துறைகள் கூடி வேலை செய்ததற்கு, தேனி மாவட்ட அளவில், இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. பிறகு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை. அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள். அரசு கற்றுக்கொண்டது, விதி எழுதியது, எல்லாம் சரி.

ஆனால் அந்த விதிகள் மலையேற்றக்காரர்களைப் பற்றியவை. இரவில் டோலி தூக்கியவர்களுக்கு அடுத்த ஆண்டும் கம்பளியும் கழியும்தான்.

குரங்கணி நடந்து இரண்டு ஆண்டும் சில நாட்களும் ஆயின. 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. கொரோனா அச்சத்தில் கேரள எல்லை மூடப்பட்டுவிட்டது. போடிமெட்டுச் சாலையில் ஜீப்பு ஓடவில்லை. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்த ராசிங்கபுரத்துக்காரர்கள் சிலர், கைக்குழந்தையோடு, காட்டுத்தடத்தில் இறங்கி ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் காட்டுத்தீ. ஒரு வயதுக் குழந்தை உட்பட நான்கு பேர் இறந்தார்கள். அன்றிரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்தார். நாட்டின் கவனம் அங்கே போய்விட்டது.

இரண்டு தீயும் ஒரே மலைத்தொடர், ஒரே மாதம், ஒரே வகைப் புல். ஒன்றில் மாண்டவர்கள் விடுமுறையில் ஏறியவர்கள். இன்னொன்றில் மாண்டவர்கள் வேலையிலிருந்து இறங்கியவர்கள். தீ எங்கே எரிகிறது என்று வனத்துறைக்குச் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை வருகிற காலம் இது. எல்லையை மூடினால் கூலிக்காரர்கள் காட்டுவழியே இறங்குவார்கள் என்பது 2011லேயே இந்த மாவட்டம் கண்ட உண்மை. தீ எரிகிறது என்ற செய்தி ஓரிடத்தில், ஆட்கள் இறங்குகிறார்கள் என்ற செய்தி இன்னோரிடத்தில். இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த மேசை இருந்திருந்தால் தடத்தின் தலையில் ஒருவரை நிறுத்தி 'இந்தப் பக்கம் வேண்டாம்' என்று சொன்னாலே போதும். ஹெலிகாப்டர் தேவைப்பட்டிருக்காது.

மேலே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்காவது பதிவு இருந்ததா? போடி, சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம், கோம்பை, கம்பம் என்று அடிவாரமெங்குமிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. ஏழெட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதைப்போல் இரண்டு பங்கு பெண்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. காய் எடுப்புக் காலத்தில் இன்னும் கூட்டம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போனது. எந்தத் தோட்டத்துக் காய், எத்தனை கிலோ, யார் வாங்கினார் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை பெண்கள் போனார்கள் என்பது ஜீப்பு ஓட்டுநர் தலைக்குள்தான் இருக்கிறது. நெருக்கடியில் இந்த மலைக்கு இருக்கிற ஒரே வருகைப் பதிவேடு அவர்தான். தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பாவது இருந்ததா என்றால், 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் இருந்தால்தான் பொருந்தியது. ஏலத்தோட்டங்களில் கணிசமானவை அதற்குக் கீழே.

பெட்டிமுடியில் அந்தச் சட்டம் பொருந்தியது. அதனால் ஆன பயன் என்ன என்று பார்ப்போம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பத்தே முக்கால் மணியளவில், ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தலித் குடும்பங்கள். தாத்தா காலத்தில் கங்காணி பின்னால் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள். மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. உயிர் தப்பியவர்கள் இருட்டில் மழையில் நடந்துபோய்ச் சொல்லித்தான் செய்தி வெளியே வந்தது. வெளியுலகம் அறிந்தபோது ஆகஸ்ட் 7 விடிந்திருந்தது. பெரியவாரையில் தற்காலிகப் பாலம் சேதமாகியிருந்ததால் வண்டிகள் போவதும் தாமதம். மீட்புப் படை வருவதற்குள் கையால் மண்ணைத் தோண்டியவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள்.

அன்று மாலையே கோழிக்கோட்டில் விமான விபத்து. மறுநாள் முதலமைச்சர் கோழிக்கோட்டில் இருந்தார். பெட்டிமுடிக்கு வந்தது ஆகஸ்ட் 13இல். மாநில அரசு விமானத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம் அறிவித்தது, லயத்தில் இறந்தவர்களுக்கு 5 லட்சம். ஒரு மாநிலத்தில், ஒரே வாரத்தில். இதற்கு மேல் நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் சேர்த்த 16ஏ பிரிவு, முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளி இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. கூடவே ஒரு விலக்கு: இடிந்ததற்கு இயற்கைச் சீற்றம் காரணமாக இருந்தால் பொறுப்பில்லை. லயத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தது இயற்கை இல்லை. ஓடைக்கரையில், சரிவின் அடியில், தேயிலைக்கு உதவாத இடத்தில் வரிசையாகக் கட்டியது நிர்வாகம். மலைமேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம் என்கிற அமைப்பு ஊர், சேரி என்கிற அமைப்பின் மலைப்பதிப்பு.

இந்த இடத்தில் நியாயமாக ஒரு கேள்வி எழும். இழப்பீட்டில் பாகுபாடு கூடாது என்று பேரிடர் சட்டத்தில் எழுதியிருக்கவில்லையா? எழுதியிருக்கிறது. 61ஆம் பிரிவு: நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது. சுனாமி முகாம்களில் நாகப்பட்டினம் கடற்கரையில் தலித் மக்கள் தண்ணீர்த் தொட்டியிலும் வரிசையிலும் ஒதுக்கப்பட்டதைக் கண்ட பிறகு வந்த சட்டத்தில் இந்தப் பிரிவு இருப்பது நல்லது. ஆனால் அது நம்மை வாங்குகிறவர்களாக மட்டும் பார்க்கிறது. முடிவெடுக்கும் மேசை 25ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சித் தலைவர் இணைத்தலைவர், பிறகு போலீஸ் கண்காணிப்பாளர், மருத்துவ அதிகாரி, இன்னும் ஓரிரு மாவட்ட அதிகாரிகள். தலைவர் தவிர மற்ற உறுப்பினர்கள் ஏழு பேரைத் தாண்டக்கூடாது. மலையில் தடம் தெரிந்த ஒருவருக்கும் அங்கே இருக்கை இல்லை.

அரசுக்கு நம் மக்களை விரைந்து இறக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். 2004இல் நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களை எடுக்க வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் குப்பையும் சேறும் அள்ள மாநிலத்தின் பல நகராட்சிகளிலிருந்து ஆட்கள் ஏற்றிவரப்பட்டார்கள். ஓர் உத்தரவில், ஓரிரவில். கையுறை இருக்கிறதா, எங்கே தூங்குவார்கள் என்பதெல்லாம் பிறகு. தமிழ்நாட்டின் மிக வேகமான பேரிடர்ப் படை அருந்ததியர்கள்தான். அந்தப் படைக்குப் பட்டாலியன் எண் கிடையாது, பதக்கம் கிடையாது.

இது புதிதும் இல்லை. இழவுச் செய்தி கொண்டுபோவது, ஊருக்கு வருகிற அதிகாரிக்கு வழிகாட்டுவது, வெள்ளத்தில் ஏரிக்கரையில் நின்று உடைப்பை அடைப்பது என்று செய்தியும் தடமும் தொடர்பான வேலைகள் முழுக்க நம் சாதிகளின்மேல் சுமத்தப்பட்ட ஊழியங்கள். மராட்டியத்தில் மகர்களுக்கு வதன் என்ற பெயரில் இதே கடமை. இரவு பகல் எந்த நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும். பாபாசாகேப் 1928 மார்ச்சில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பரம்பரை அலுவலர் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தது இதை உடைக்கத்தான். வேலையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேலை என்றால் வரையறுத்த வேலை, அதற்குக் கூலி, விட்டுப்போகிற உரிமை என்று கேட்டார்.

அதனால்தான் 'தன்னார்வலர்' என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றிய அரசு 2016இல் 'ஆப்த மித்ரா' திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அதை 350 மாவட்டங்களுக்கும் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கும் விரித்தது. தமிழ்நாட்டில் 'முதல்நிலை மீட்பாளர்கள்' பட்டியல் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு அறிவிக்கப்படுகிறது. வங்கதேசத்தை முன்மாதிரியாகச் சொல்வார்கள். 1970 புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டபின் அங்கே 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று 76,000 தன்னார்வலர்கள், சரிபாதி பெண்கள். கிராமத்துக்குக் கிராமம் குழு, கையில் மெகாபோன், வானொலி. அதற்குப் பிறகு வந்த புயல்களில் சாவு எண்ணிக்கை மிகப் பெரிய அளவில் குறைந்தது. அந்தச் சாதனையிலிருந்து கற்க நிறைய உண்டு, குறிப்பாகப் பெண்களைச் சரிபாதியாக வைத்ததில். ஆனால் கூலியில்லாச் சேவையை நம் கிராமத்தில் அப்படியே நட்டால் அது பழைய வெட்டி வேலையாகத்தான் முளைக்கும். தன்னார்வலர் என்று சட்டை போட்டுக்கொண்டு படம் எடுப்பவர் ஒருவராகவும், இரவில் டோலி தூக்குபவர் இன்னொருவராகவும் இருப்பார்கள்.

முடிவெடுக்க இவர்களுக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள் 2015 செப்டம்பர் மூணாறை நினைத்துப் பாருங்கள். பெம்பிளை ஒருமை. சங்கத் தலைவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். அவர்களுக்கு அலுவலகம் இல்லை, கட்டுப்பாட்டு அறை இல்லை. எந்த லயத்திலிருந்து யார் வருவது, குழந்தைகளை யார் பார்ப்பது, சோறு எங்கிருந்து, நிர்வாகத்திடம் பேசப் போவது யார் என்பதையெல்லாம் அன்றன்று கூடி முடிவு செய்தார்கள். நெருக்கடியில் கூடிப் பேசி வழி காண்பதற்குப் பேராசிரியர்கள் எந்தெந்தத் திறமைகளைப் பட்டியலிடுவார்களோ, அவை எல்லாம் அந்தச் சாலையில் இருந்தன.

ஆகவே நம் கோரிக்கைகள், இந்த அமைப்பு மனுவாகத் தயாரித்துக்கொண்டிருப்பவை. அடிவாரத்திலும் மெட்டிலும் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டி ஓர் அறை. மடக்கு ஸ்ட்ரெச்சர், கயிறு, தலைவிளக்கு, தீக்காயத்துக்கான துணி, பாம்புக்கடிக்கு முதல் அரைமணி நேரம் செய்ய வேண்டியதற்கான பொருட்கள், செல்போன் கோபுரம் படுத்தாலும் வேலை செய்கிற வயர்லெஸ். பெரிய செலவு இல்லை. கோடையில் வனத்துறை தீத்தடுப்புக் காவலர்களைக் கூலிக்கு எடுக்கிறது. அதே முறையில், ஆனால் ஆண்டு முழுவதும், சம்பளமும் காப்பீடும் உள்ள ஊழியர்களாக இந்தக் குழு இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். முதுவர், பளியர் குடிகளிலிருந்து கட்டாயம் ஆட்கள். பேரிடர் சட்டத்தின் 65, 66ஆம் பிரிவுகளில் வண்டிகளை அரசு கையகப்படுத்தலாம், அதற்குப் பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. அதன்படி ஜீப்பு ஓட்டுநர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம். குழுவின் பொறுப்பாளருக்கு, ஆட்சியர் உத்தரவுக்குக் காத்திராமல், ஒரு தடத்தை மூடவும் ஒரு ஜீப்பை அனுப்பவும் அதிகாரம்.

மலை இரண்டு மாநிலம், தேனி ஒரு பேரிடர் ஆணையம், இடுக்கி இன்னொன்று. சபரிமலை சீசன் வந்தால் இரண்டு மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசி, எந்த வண்டி குமுளி வழி, எந்த வண்டி கம்பம்மெட்டு வழி என்று முடிவு செய்கிறார்கள். பக்தர்களுக்காகக் கூட முடிகிறவர்கள் ஏலத்தோட்டக்காரிகளுக்காகவும் ஆண்டுக்கு இரண்டு முறை, தீக்காலத்துக்கு முன்பும் மழைக்கு முன்பும், கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் தொழிலாளர் பெண்கள் இருவர் உட்கார வேண்டும், பார்வையாளராக அல்லாமல் உறுப்பினராக.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. குரங்கணி, சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. உள்ளூர், பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு; 23 உயிர் கொடுத்துப் பெற்ற ஏற்பாடு. மலையேற வருகிறவர் பெயர், வயது, எண்ணிக்கை எல்லாம் அரசிடம் இருக்கிறது. அதே காலைப்பொழுதில் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் இருப்பவர்களின் பெயர் இன்னும் எங்கும் இல்லை.

இந்த வேலையை அரசுக்காகக் காத்திராமல் நாமே தொடங்கலாம். மாணவர்கள் காய் எடுப்பு தொடங்கும் முன் ஊர் ஊராகப் போய், ஜீப்பு வாரியாக, தோட்டம் வாரியாக, அந்தப் பெண்களின் ஒப்புதலோடு பெயரும் வீட்டுத் தொடர்பும் எழுத வேண்டும். பட்டியல் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு படி ஓட்டுநரிடம், ஒரு படி ஊரில் அவர்கள் நம்புகிற ஒருவரிடம். முதல் பட்டியலை ராசிங்கபுரத்தில் எழுதுவோம்.